செங்காய்ப் பருவம்: தாய்லாந்தில் ஏழு நாள்

நாள் 1: பாங்காக்

அக்கா மகன் குடியிருக்கும் அடுக்குமாடியில் லிஃப்டுக்குப் பக்கத்தில் மூன்று தடைகளை ஒட்டி வைத்திருக்கிறார்கள். சிகரெட் கூடாது. நாய் கூடாது. துரியன் கூடாது. மூன்றுக்கும் ஒரே அளவு சிவப்பு வட்டம், ஒரே குறுக்குக் கோடு. நான் அதைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, அவன் என் பெட்டியை லிஃப்டுக்குள் தள்ளிவிட்டுச் சொன்னான்: "மாமா, நீங்க எதுக்கு மே மாசம் பாத்து வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். வெளியில எங்க வேணும்னாலும் தின்னுங்க. ரூமுக்குள்ள மட்டும் வேண்டாம்."

அவன் சொன்னது சரிதான். கோயில் பார்க்கவோ கடலில் கால் நனைக்கவோ நான் வரவில்லை. பழம் தின்ன வந்திருக்கிறேன்.

நான் பிறந்தது தென்காசிப் பக்கம். குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்தால் மங்குஸ்தானும் ரம்புத்தானும் கடைக்கு வரும். மங்குஸ்தான் விலையைக் கேட்டதும் அப்பா முகம் சுருங்கும். வீட்டில் தலைக்கு ஒன்று என்று எண்ணித்தான் வாங்குவார். துரியன் சங்கதி வேறு. எங்கள் ஊரில் அது பழமே இல்லை, மருந்து. அதைச் சாப்பிட்டால் குழந்தை தங்கும் என்ற நம்பிக்கையில் எங்கெங்கிருந்தோ தம்பதிகள் தேடி வந்து, சொன்ன விலையைக் கொடுத்து வாங்கிப் போவார்கள். அதன் ருசியைப் பற்றி மட்டும் ஒருவரும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அந்தக் குறைதான் இந்த வயதில் என்னை விமானம் ஏற்றியது.

சாயங்காலம் தெருமுனையில் பழவண்டி நின்றது. சக்கரம் வைத்த கண்ணாடிப் பெட்டி, உள்ளே பனிக்கட்டி, அதன்மேல் தோல் சீவிய அன்னாசி, தர்பூசணி, பப்பாளி, மாங்காய், கொய்யா. நாம் விரலைக் காட்டினால் போதும். வண்டிக்காரர் பட்டைக்கத்தியால் டக் டக் டக் என்று துண்டு போட்டு, பையில் சரித்து, மூங்கில் குச்சியைச் செருகி, ஒரு சின்னப் பொட்டலத்தையும் கூடவே போடுகிறார். 20 பாத். பொட்டலத்தில் உப்பு, சர்க்கரை, காய்ந்த மிளகாய்த் தூள் மூன்றும் கலந்திருக்கிறது.

கொய்யாவுக்கு இங்கே பெயர் 'ஃபராங்'. வெள்ளைக்காரருக்கும் அதே பெயர்தான். கொய்யா தின்னும் வெள்ளைக்காரரைக் காட்டிச் சிரிப்பது இந்த ஊரின் பழைய வேடிக்கையாம். எனக்கு உடனே நம் பறங்கிதான் ஞாபகம் வந்தது. நாம் அந்தப் பெயரைப் பூசணிக்குச் சூட்டிப் பறங்கிக்காய் ஆக்கினோம், இவர்கள் கொய்யாவுக்குச் சூட்டியிருக்கிறார்கள். கடல் கடந்து வந்த காயையும் ஆளையும் ஒரே சொல்லில் அடக்கிவிடும் சாமர்த்தியம் இரண்டு ஊருக்கும் இருந்திருக்கிறது.

ஆனால் அந்தக் கொய்யா! நம் வீட்டில் கொய்யாவை வைத்தால் மறுநாள் அறை முழுக்க மணக்கும். இதில் வாசமே இல்லை. தேங்காய் அளவு, பச்சை, கடித்தால் வெள்ளரிக்காய் மாதிரி நறுக்கென்கிறது. மாங்காயும் அப்படியே. "பழவண்டின்னு சொல்ற, பாதி காயால்ல இருக்கு?" என்று கேட்டேன். "இங்க இதுக்குப் பேரும் பழம்தான் மாமா" என்றான்.

நாள் 2: ஓர் தோர் கோர்

ஓர் தோர் கோர் என்பது மூன்று தாய்லாந்து எழுத்துகளின் சுருக்கம். விவசாயிகளுக்காக அரசு நடத்தும் சந்தை நிறுவனத்தின் பெயர். கம்பேங் பெட் மெட்ரோ நிலையத்தில் படியேறி வெளியே வந்தால் சந்தை வாசல்தான். (மெட்ரோவிலும் துரியனுக்குத் தடை. வாங்கியவர்கள் எப்படித்தான் வீட்டுக்குக் கொண்டு போகிறார்கள்?) தரை காய்ந்திருக்கிறது, ஈ இல்லை, பழங்கள் நகைக்கடை வரிசையில் அடுக்கியிருக்கின்றன. விலையும் அதற்குத் தக்கபடி.

முதலில் மாம்பழம். இந்த நாட்டில் மாம்பழக் காலம் முடியப் போகிறது என்றாலும் கடை நிறைய இருந்தது. 'நாம் தோக் மாய்' என்றால் பூவின் நீர், அதாவது தேன். ஒல்லியாக, நுனி வளைந்து, மெழுகு மஞ்சள். 'ஓக் ரோங்' சின்னது, அடிவயிற்றில் ஒரு பள்ளக் கோடு ஓடும், இனிப்பு அதிகம். இவை இரண்டும் பழமாகத் தின்ன. பச்சையாகவே தின்னத் தனி ரகங்கள். 'கியாவ் சவோய்' பச்சைத் தோலோடு இருக்கும்போதே புளிப்பு அடங்கியது. சவோய் என்பது ராஜா சாப்பிடுவதைச் சொல்லும் சொல். 'ஃபா லன்' என்றால் இடி. கத்தி பட்டதும் படக்கென்று பிளக்கும் என்பதால் அந்தப் பெயர். கடைக்காரப் பெண்மணி எனக்காக ஒன்றை வெட்டிக் காட்டினார். இடி என்பது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் சத்தம் வந்தது.

புளிக்காத, தேங்காய்ப் பருப்பு மாதிரி கொழுப்பாக இருக்கும் காய் ருசிக்கு இவர்கள் மொழியில் 'மன்' என்று ஒரு சொல் இருக்கிறது. (தாய் மொழியில் என்று எழுதினால் நம் ஆட்களுக்கு வேறு அர்த்தம் வந்துவிடும், ஆகவே இவர்கள் மொழி என்றே எழுதுகிறேன்.) மெரினாவில் கிளிமூக்கு மாங்காயைப் பூவாகக் கீறி மிளகாய்ப்பொடி தூவித் தருவார்களே, அந்த ருசிதான். இங்கே அதற்குத் தொட்டுக்கொள்ள 'நாம் பிளா வான்'. பனைவெல்லமும் மீன் சாறும் சேர்த்துப் பாகாகக் காய்ச்சி, அதில் சின்ன வெங்காயம், காய்ந்த இறால், மிளகாய் போடுவார்கள். இனிப்பும் மீன் வாடையும் ஒரே கரண்டியிலா என்று நானும் முகம் சுளித்தேன். இரண்டாவது துண்டில் சுளிப்பு போய்விட்டது.

மதியச் சாப்பாட்டுக்குப் பதிலாக மாம்பழச் சோறு, 'காவ் நியாவ் மாமுவாங்'. ஒட்டரிசியை ஊற வைத்து ஆவியில் வேக வைக்கிறார்கள். சூடு ஆறுவதற்குள் சர்க்கரையும் உப்பும் கலந்த தேங்காய்ப்பாலை ஊற்றி மூடிவிட்டால் அரிசி மொத்தப் பாலையும் குடித்துவிடுமாம். பக்கத்தில் மாம்பழக் கீற்று, மேலே உப்பு தூக்கலாக இன்னொரு கரண்டி தேங்காய்ப்பால், கடைசியாக மொறுமொறுவென்று வறுத்த பாசிப்பருப்பு. அந்த உப்புதான் சூட்சுமம். 2022-ல் மில்லி என்ற தாய்லாந்து ராப் பாடகி அமெரிக்காவில் கோச்செல்லா விழா மேடையிலேயே இதைச் சாப்பிட்டுக் காட்ட, ஊரெங்கும் விற்பனை எகிறியதாம். அக்கா மகன் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினான். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி வரிசையில் துரியன். விற்பவர்கள் எல்லார் கையிலும் ஒரு குட்டைக் குச்சி. பழத்தைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்கிறார்கள். வாங்க வரும் ஒவ்வொருவரிடமும் விலைக்கு முன்னால் வேறொன்று கேட்கிறார்கள்: "கின் வன் நை?" அக்கா மகனிடம் அர்த்தம் கேட்டேன். எந்த நாள் சாப்பிடப் போறீங்க? இன்றைக்கு என்றால் ஒரு பழம், நாளைக்கு என்றால் வேறு பழம், நாலு நாள் கழித்து ஊருக்குக் கொண்டு போக என்றால் இன்னொரு பழம்.

விலையைக் கேட்டதும் அப்பாவின் முகம் எனக்கும் வந்துவிட்டது. "நாளைக்குத் தோட்டத்துப் பக்கமே போறோமே, அங்க பாதி விலைக்குக் கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

நாள் 3: சந்தபுரி போகும் வழி

எக்கமாய் பேருந்து நிலையத்திலிருந்து கிழக்கே ஏறத்தாழ 245 கிலோமீட்டர், நாலு மணி நேரப் பயணம். சந்தபுரி என்றால் சந்திரனின் ஊர். முதல் இரண்டு மணி நேரம் தொழிற்சாலைகள்தான். ரயோங் தாண்டியதும் இரண்டு பக்கமும் தோப்பு. சாலையோரம் பெரிய பெரிய தகரக் கொட்டகைகள், வாசலில் சீன எழுத்துப் பலகைகள். இவற்றுக்கு 'லொங்' என்று பெயர். தோட்டத்துக் காயைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடைத்து ஏற்றுமதிக்கு அனுப்பும் இடங்கள். தாய்லாந்து வெளியே அனுப்பும் துரியனில் பெரும்பங்கு சீனாவுக்குத்தான் போகிறது.

இறங்கியதும் நான் செய்த முட்டாள்தனத்தையும் எழுதிவிடுகிறேன். சாலையோரம் ஒரு பிக்கப் வண்டி நிறைய துரியன், அட்டையில் விலை. நேற்றுக் கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு. அக்கா மகன் "வேண்டாம் மாமா" என்று இழுத்தான். "ஏல, பாக்க எல்லாம் ஒரே மாதிரித்தான இருக்கு" என்று நான் ஒன்றை எடுத்துத் தராசில் வைத்தேன். மூன்று கிலோ. விற்றவர் தட்டவும் இல்லை, எந்த நாள் சாப்பிடப் போகிறேன் என்று கேட்கவும் இல்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

தங்கும் விடுதியின் கொல்லையில் வைத்து வெட்டினோம். வெட்டினோம் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். அரை மணி நேரம் மல்லுக்கட்டினோம். உள்ளே சுளை வெள்ளை வெளேர் என்று, கட்டையாக, பலாக்காய் மாதிரி இருந்தது. கடித்தால் பச்சைக் கிழங்கு. விடுதி அம்மா எட்டிப் பார்த்து, 'துரியன் ஓன்' என்று உதட்டைப் பிதுக்கினார். ஓன் என்றால் இளசு. பிஞ்சு துரியன். பருவம் தொடங்கும்போது நல்ல விலை கிடைக்கும் என்று முற்றாத காயை வெட்டி விற்பவர்கள் உண்டாம். சட்டப்படி அது குற்றம். அதைத் தடுக்கத்தான் எந்த ரகத்தை எந்தத் தேதிக்கு மேல் வெட்டலாம் என்று ஆண்டுதோறும் மாகாணம் அறிவிக்கிறது.

வாசமே இல்லாததால் அதை அறைக்குள் வைத்துக்கொள்ள விடுதி அம்மா தடை சொல்லவில்லை. துரியனோடு ஒரே அறையில் படுத்துத் தூங்கப் போகிறேன். நான் நினைத்து வந்தது இப்படியல்ல.

நாள் 4: தோப்பு

இன்று நிறைய எழுத வேண்டும்.

தோப்புக்காரருக்கு எழுபது வயது இருக்கும். எல்லாரும் 'லுங்' என்கிறார்கள், பெரியவர், மாமா என்று எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். மனைவியை 'பா', பெரியம்மா. துரியன், மங்குஸ்தான், ரம்புத்தான், லோங்கோங் நாலும் கலந்த தோப்பு. மே, ஜூனில் வருகிறவர்களிடம் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு வயிறு நிறையத் தின்னவிடுகிறார்கள். அங்கேயே தின்னலாம், கொண்டு போக நிறுத்துப் பணம் கட்ட வேண்டும்.

துரியன் மரத்தைப் பார்த்ததும் முதலில் கண்ணில் பட்டது கயிறு. ஒவ்வொரு காய்க்கும் நைலான் கயிறு கட்டிக் கிளையோடு இழுத்து முடிந்திருக்கிறது. காற்றுக்கு விழாமல் இருக்க என்று நினைத்தேன். அதுவும் உண்டு, ஆனால் நிறத்தில் கணக்கு இருக்கிறது. ஒரே மரம் ஒரே நாளில் பூப்பதில்லை. முதல் ஈட்டுப் பூவில் வந்த காய்க்கு ஒரு நிறம், அடுத்த ஈட்டுக்கு வேறு நிறம். எந்தக் காய்க்கு எத்தனை நாள் ஆயிற்று என்று கயிறு சொல்லிவிடும். மோந்தோங் ரகம் பூத்து ஏறத்தாழ 120 நாளில் வெட்டுக்கு வரும், சனீ அதற்கு முன்னால், கிரதும் அதற்கும் முன்னால். மோந்தோங் என்றால் தங்கத் தலையணை, சனீ என்றால் ஒரு வகைக் குரங்கு, கிரதும் என்றால் பொத்தான். பெயர் வைப்பதில் இவர்கள் நம் மாம்பழக்காரர்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை.

பூ மாலையில் விரிந்து இரவில் மட்டும் மகரந்தம் தரும். குகைகளில் வாழும் தேன் குடிக்கும் வௌவால்கள் வந்து சேர்த்து வைக்கும். வௌவாலை மட்டும் நம்பினால் கட்டுப்படி ஆகாது என்பதால், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மனிதர்களும் இருட்டில் ஏறி, தூரிகையால் பூவுக்குப் பூ தடவுகிறார்கள். "பொண்டாட்டிக்குக்கூட இவரு இவ்வளவு செஞ்சதில்ல" என்று பா சொன்னாராம். அக்கா மகன் மொழிபெயர்த்தது. அவன் சொந்தச் சரக்கு எவ்வளவு என்று தெரியாது.

மலேசியாவில் துரியன் தானாகப் பழுத்து விழும்வரை காத்திருப்பார்கள். இங்கே விழுந்தால் நஷ்டம். மரத்தில் ஏறியவர் காம்பைத் தொட்டுப் பார்க்கிறார். முற்றிய காம்பு சொரசொரவென்று இருக்குமாம். காம்பின் நடுவில் ஒரு கணு இருக்கிறது, அதற்கு 'பிளிங்', அட்டை என்று பெயர். அட்டை ரத்தம் குடித்த மாதிரி உப்பியிருந்தால் நாள் வந்துவிட்டது. முள் நுனி கருத்துக் காய்ந்திருக்க வேண்டும். பிறகு கத்தியின் முதுகால் தட்டல். கீழே இன்னொருவர் கோணிச்சாக்கோடு நிற்கிறார். மேலேயிருந்து மூன்று நாலு கிலோ முள்ளுருண்டை வருகிறது, இவர் சாக்கை விசிறி அதன் வேகத்தைச் சுழற்றி வாங்கித் தரையில் பூப்போல வைக்கிறார். ஒரு பேச்சில்லை, ஒரு கூச்சலில்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் ஒவ்வொரு முறையும் தோள் குறுகியது.

காதையும் கையையும் நம்பாதவர்களுக்கு ஒரு சோதனை உண்டு. சுளையைச் சீவி ஈரம் போக உலர்த்தி எடை போடுவது. மோந்தோங் 100 கிராமில் 32 கிராம் உலர்ந்து மிஞ்ச வேண்டும், சனீயில் 30, கிரதுமில் 27. அதற்குக் குறைந்தால் பிஞ்சு. 2025 ஜனவரியிலிருந்து சீனா வேறு, மஞ்சள் சாயமும் காட்மியம் என்ற நச்சு உலோகமும் இருக்கிறதா என்று சோதனைச் சான்று கேட்கிறது. தோலுக்கு நிறம் ஏற்றச் சிலர் சாயம் பூசியதன் விளைவு. "பூசினது நாலு பேர், வரிசையில நின்னது நாங்க எல்லாரும்" என்று லுங் சலித்துக்கொண்டார்.

அப்புறம் ஒரு பழத்தை எடுத்தார். மூன்று நாளைக்கு முன் வெட்டி வைத்தது. முள் வரிசைகளுக்கு இடையே ஓடும் மங்கலான கோட்டில் கத்தி நுனியை இறக்கி ஒரு திருகு. புத்தகம் மாதிரி திறந்துகொண்டது. நேற்று நாங்கள் அரை மணி நேரம் போராடியதை நான் அவரிடம் சொல்லவில்லை.

சுளையின் மேல்தோல் லேசாக நறுக்கென்று உடைந்தது. உள்ளே கெட்டியான பாசுந்தி. இனிப்பு, கூடவே பாதாம் மாதிரி ஒன்று, கடைசியில் மூக்கின் பின்பக்கம் லேசாக வெங்காயம். வாடை இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் எல்லாரும் சொல்லிப் பயமுறுத்திய சாக்கடை வரவில்லை. "வெளியே நறுக், உள்ளே மெத்து", இப்படித்தான் இங்கே தின்ன வேண்டும் என்றார் லுங். அந்தப் பதத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் அரைப்பழத்துக்கு 'ஹாம்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் செங்காய்! பிஞ்சு, வடு, காய், செங்காய், பழம் என்று நம் பாட்டிகள் பிரித்து வைத்ததை நாம் இப்போது காய், பழம் என்று இரண்டாகச் சுருக்கிவிட்டோம். வந்த அன்று நறுக்கென்ற கொய்யாவைக் கேலி செய்தேனே, அது பழுக்காத கொய்யா இல்லை. அந்தப் படியில் நிறுத்தித் தின்னப்படும் கொய்யா. குழைந்த துரியன் இவர்களுக்குப் பிடிக்காதா என்று கேட்டேன். பிடித்தவர்களும் உண்டு, இல்லாவிட்டால் சர்க்கரை போட்டுக் கிளறி அல்வா மாதிரி 'துரியன் குவான்' ஆக்கிவிடுவோம் என்றார் பா.

பேச்சு அப்படிப் போனதால் நேற்றைய பிஞ்சை வெட்கத்தோடு பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். பா அதை வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டார். மதியம் மசமன் குழம்பில் உருளைக்கிழங்கு இருக்க வேண்டிய இடத்தில் அது வெந்து கிடந்தது! பட்டை, கிராம்பு, ஏலக்காய், வறுத்த நிலக்கடலை, தேங்காய்ப்பால், கோழி. முஸ்லிம் வணிகர்கள் வழியாக வந்த குழம்பு என்பது பெயரிலேயே இருக்கிறது. மாவாக வெந்து குழம்பைக் குடித்திருந்த துரியனைத் தின்றபோது, பிக்கப் வண்டிக்காரர்மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. பாதிதான்.

கூடவே மங்குஸ்தான் சாலட். பழுத்தும் பழுக்காத வெண்சுளையில் எலுமிச்சை, மீன் சாறு, மிளகாய், இறால். இன்னொரு கிண்ணத்தில் 'சமுவாங்' இலை போட்டுக் கொதிக்க வைத்த பன்றிக் குழம்பு, இந்த மாகாணத்தின் பெருமை. பன்றி எனக்குப் பழக்கமில்லை, குழம்பை மட்டும் சோற்றில் ஊற்றிக்கொண்டேன். இலையின் புளிப்பு எங்கேயோ தெரிந்த புளிப்பாக இருந்தது. சமுவாங் மங்குஸ்தானுக்கு உறவுக்கார மரம், நம் கொடம்புளிக்கும்தான். செங்கோட்டை தாண்டினால் மீன் குழம்பில் வரும் அதே புளிப்பு.

சாயங்காலம் மங்குஸ்தான் பறித்தோம். மூங்கில் கழி நுனியில் பூவாகப் பிளந்து விரித்த கூடை. காயை அதில் சிக்க வைத்து ஒரு திருகு. இளம்பச்சைத் தோலில் சிவப்புக் கோடுகள் ஓடத் தொடங்கும்போதே எடுத்துவிட வேண்டும். அந்தப் பதத்துக்கு 'ரத்த நாளம்' என்று பெயர். பிறகு கூடையில் இருந்தபடியே சில நாளில் ஊதாக் கறுப்பாகிவிடும். அடியில் இருக்கும் சின்னப் பூவின் இதழ்களை எண்ணினால் உள்ளே எத்தனை சுளை என்று தெரியும். ஆறு இதழ், ஆறு சுளை. அப்பா தலைக்கு ஒன்று வாங்கிய காலத்தில் இது தெரிந்திருந்தால் நல்ல பழத்தை நான் முந்தியிருப்பேன். மழை அதிகமானால் சுளை கண்ணாடி மாதிரி நீர் கோத்துவிடும். அதைத் தட்டில் வைக்காமல் ஒதுக்கினார் பா. நான் அதையும் தின்றேன். நறுக்கென்று நன்றாகத்தான் இருந்தது.

எத்தனை மங்குஸ்தான் தின்றேன் என்று எண்ணவில்லை. எண்ணாமல் தின்றது இதுதான் முதல் முறை.

நாள் 5: ஆற்றங்கரை

வாயெல்லாம் புண். பேச முடியவில்லை.

விடுதி அம்மா பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார். 'ரோன் நை', உள்சூடு. துரியன் சூடு, மங்குஸ்தான் குளிர்ச்சி. இரண்டும் ஒரே மாதத்தில் பழுப்பதே ஒன்று மற்றதை ஆற்றத்தான் என்பது இங்கே எல்லாரும் சொல்வது. துரியனோடு சாராயம் கூடவே கூடாது என்பதும். ஆறு மங்குஸ்தானைத் தட்டில் வைத்து, துரியன் தோலின் குழிவில் தண்ணீர் ஊற்றிக் குடிக்கச் சொன்னார். வாடையும் சூடும் போகுமாம். என் பாட்டி இருந்திருந்தால் இந்த அம்மாவோடு உட்கார்ந்து மொழியில்லாமலேயே ஒரு மணி நேரம் பேசியிருப்பார்.

மெதுவாக ஆற்றங்கரைத் தெருவில் நடந்தோம். பழைய மரவீடுகள், அக்கரையில் வியட்நாமிலிருந்து வந்து குடியேறிய கத்தோலிக்கர்களின் பெரிய தேவாலயம். கடைகளில் துரியன் சிப்ஸ். அதுவும் முற்றிய பச்சைக் காயைச் சீவி வறுப்பதுதான், நேந்திரங்காய் சிப்ஸுக்குத் தம்பி. வாரக் கடைசியில் நடக்கும் ரத்தினச் சந்தையில் ஆப்பிரிக்காவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த வியாபாரிகள் கல்லை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாணிக்கத்தையும் நீலத்தையும் உலையில் சூடேற்றி நிறம் கூட்டுவது இந்த ஊரின் பேர் பெற்ற தொழில். கல்லைக்கூடப் பழுக்க வைக்கிறார்கள்.

இரவு ரம்புத்தான் மட்டும். 'ரோங்ரியன்' ரகம், அதாவது பள்ளிக்கூடம். தெற்கே சூரத் தானியில் சுரங்கத் தொழில் செய்ய மலேயாவிலிருந்து வந்த ஒருவர் தன் வீட்டில் நட்ட மரம் அது. பின்னால் அந்த இடம் பள்ளிக்கூடமானதால் பழத்துக்கும் அந்தப் பெயர். கொட்டையில் ஒட்டாமல் கழன்று வருகிறது. குற்றாலத்து ரம்புத்தானில் பாதிச் சதையைக் கொட்டையோடு துப்பியவனுக்கு இது பெரிய விஷயம்.

நாள் 6: மழை

நாள் முழுக்க மழை. விசாக (புத்த பூர்ணிமா) விடுமுறை என்பதால் பாங்காக் போகும் பேருந்தில் கூட்டம். என் சட்டையில் மங்குஸ்தான் கறை. பல ஓட்டல்களில் துரியனோடு மங்குஸ்தானையும் அறைக்குள் விடமாட்டார்கள், படுக்கை விரிப்பில் பட்டால் போகாது என்பதால். சட்டையிலும் போகாது போலிருக்கிறது.

நாள் 7: மறுபடியும் பாங்காக்

விமானம் இரவு பத்தரைக்கு. மதியமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓர் தோர் கோர் வந்துவிட்டோம்.

வாசலருகே ஒருத்தி மங்குஸ்தான் காயைத் தோல் சீவிக் குச்சியில் கோத்து விற்றாள். தெற்கே நக்கோன் சி தம்மராத் பக்கத்துப் பண்டம். பச்சைக் காயைச் சீவினால் மஞ்சள் பால் வடிந்து கறுத்துவிடும், அதனால் உப்பும் சுண்ணாம்பும் கலந்த நீரில் போட்டுப் போட்டு எடுக்கிறார்கள். பால் வெள்ளையாக, கொட்டையோடு நறுக்கென்று கடிக்கலாம். ஒரு குச்சியில் நாலைந்து. அதன் விலைக்கு அரைக் கிலோ பழம் வாங்கலாம் என்றான் அக்கா மகன். அப்படித்தான் இருக்க வேண்டும். பழுக்க விடுவதற்கு ஒரு கையும் வேண்டாம், காயாகத் தின்னத்தான் இவ்வளவு வேலை.

துரியன் வரிசைக்குப் போனேன். பாங்காக்குக்கு ஒட்டினாற்போல் இருக்கும் நொந்தபுரித் தோப்புகளின் 'கான் யாவ்', நீண்ட காம்பு, ஒரு மேசையில் தனியாக வீற்றிருந்தது. 2011 வெள்ளத்தில் அங்கே பழைய மரங்கள் நிறையப் பட்டுப்போயின. மிஞ்சியதற்கு ராஜ மரியாதை. 2019-ல் ஏலத்தில் அப்படி ஒரு பழம் 15 லட்சம் பாத்துக்குப் போனது. நான் மரியாதையாக விலகி நடந்தேன்.

அன்றைக்கு விலை கேட்டுவிட்டு ஓடிய அதே கடை. குச்சியோடு நின்ற அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, "கின் வன் நை?" என்றார்.

அக்கா மகனை முந்திக்கொண்டு நானே கைக்கடிகாரத்தைக் காட்டினேன். இன்றைக்கு. இப்போது. அவர் ஒரு பழத்தைத் தட்டி ஒதுக்கினார், இன்னொன்றைத் தட்டி ஒதுக்கினார். மூன்றாவதைத் தட்டிவிட்டு, அடுத்து என்னை அழைத்துக் குச்சியை என் கையில் கொடுத்தார். தட்டிப் பார்த்தேன். முதல் இரண்டும் டொக் டொக். மூன்றாவது, தண்ணீர் வற்றிய குடத்தைத் தட்டினால் வருமே, அந்த மாதிரி ஒரு கும். நான் தலையாட்டினேன். அவரும் தலையாட்டினார்.

அங்கேயே பிளாஸ்டிக் கையுறையை மாட்டிக்கொண்டு மேசையில் உட்கார்ந்தேன். அக்கா மகன் காற்று வரும் பக்கமாகப் பத்தடி தள்ளி, பெட்டிக்குக் காவல் நின்றான். "சீக்கிரம் மாமா, கையை நல்லாக் கழுவிட்டு ஏறுங்க, டாக்ஸிக்காரன் விடமாட்டான்" என்றான். நான் இரண்டாவது சுளையில் இருந்தேன். மூன்று பாக்கி.